கடந்த ஏழு நாட்களில்

ஒரே ஆளிடம் ஒரே கேள்விகளை ஆண்டுக்கு ஒருமுறை போய்க் கேட்பதுதான் சில வருடங்களாக என் வேலையாக இருந்தது. படிப்பை முடித்து வேலை தேடும் வயதில் இருக்கும் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எந்த வேலையில் சேர்கிறார்கள், எதை விடுகிறார்கள், எப்போது சும்மா இருக்கிறார்கள் என்று விடாமல் பின்தொடரும் ஆய்வு அது. நகரத்தின் தென்பக்கத்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று நடத்தியது. ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரை, உள்ளே வியாசர்பாடி, புளியந்தோப்பு உட்பட, என் பங்கு. திருவொற்றியூர்க்காரி என்பதால் அந்தப் பக்கத்தை என் தலையில் கட்டினார்கள். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

என்னுடைய வேலையும் ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அடுத்த சுற்றுக்கு நான் இருப்பேனா என்று தெரியாது. அந்த மாதங்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. தேவையில்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எண்ணூர் வரை போய்வருவேன். அடுத்தவருடைய வேலை நிலைத்ததா என்று கேட்டு எழுதுகிறவளுக்குத் தன் வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை என்பதை யாரிடமும் சிரித்துச் சொல்லவும் முடியவில்லை.

நான் சொல்ல வந்தது வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி. முதல் சுற்றில் அவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்திருந்தாள். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை, கான்ட்ராக்ட். ஒரே அறை. டிவி மேல் சின்ன புத்தர் சிலை, சுவரில் அப்பாவின் படம்.

கேள்விகளை டேப்லெட்டில் இருப்பது போலவே வாசிக்க வேண்டும், ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "கடந்த ஏழு நாட்களில், ஊதியத்திற்காகவோ லாபத்திற்காகவோ, குறைந்தது ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?" என்று வாசித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாக்கா, நியூஸ் படிக்கிற மாதிரி கேக்குற. நீ நம்ம பக்கம்தானே?"

"எழுதிக் குடுத்ததப் படிக்கணும்மா. நீ பதில் சொல்லு."

அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டபோது, "டிரெய்லர் ஓட்டினாரு. இப்ப இல்ல" என்றாள். அடுப்பு பக்கத்திலிருந்து அம்மா திரும்பாமலே சொன்னாள்: "மணலி ரோட்டுல ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. இவ ஸ்கூல் படிக்கசொல்ல."

ஐந்து ஆண்டுகள் கழித்து எந்த வேலையில் இருப்பீர்கள் என்ற கேள்வி கடைசியில் வரும். அவள் அடுப்பு பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏதாச்சும் ஆபீஸ்ல" என்றாள். பதிவு செய்துகொண்டு கிளம்பினேன். என்னை வழியனுப்புவது போலக் கூடவே படியிறங்கி வந்தவள், இரண்டாம் மாடி வளைவில் நின்றுவிட்டாள்.

"அக்கா, கடேசியா சொன்னத மாத்த முடியுமா?"

"அனுப்புறதுக்கு முன்னாடின்னா மாத்தலாம். இன்னான்னு போட?"

"ரீச் ஸ்டேக்கர் ஓட்டணும்."

கன்டெய்னர் யார்டுகளில் சுவருக்கு மேலே தெரியும் அந்த மஞ்சள் இயந்திரங்களை நானும் பார்த்திருக்கிறேன். நீண்ட ஒற்றைக் கையால் ஒரு முழுக் கன்டெய்னரைக் கவ்வித் தூக்கி அடுக்கும். கல்லூரியிலிருந்து ஒருமுறை யார்டுக்குக் கூட்டிப் போனார்களாம். "அம்மாம் பெரிய பெட்டிய தூக்கி எல்லாத்துக்கும் மேல வெச்சுதுக்கா. சத்தமே இல்ல. கொயந்தைய படுக்க வெக்கிற மாதிரி வெச்சுது" என்றாள். "அம்மாவாண்ட சொல்லிடாத. லாரின்னு பேரு எடுத்தாலே அது சோறு துன்னாது."

யாரிடம் கேட்ட எதையும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. படியிலேயே நின்று பதிலை மாற்றினேன்.

இரண்டாம் வருடம் போனபோது கல்மண்டபம் பக்கத்தில் சரக்கு ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கன்டெய்னர் எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அடையாள அட்டைக் கயிற்றை அம்மாதான் எடுத்து வந்து காட்டினாள். "ஏசி ரூம்பு. வெயில் படாம குந்திக்கினு வேல" என்றாள். பெண் எல்லாக் கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னாள். வேலை பிடித்திருக்கிறதா என்பதற்கு ஐந்து பதில்கள் உண்டு. அவள் நடுவில் இருந்ததைச் சொன்னாள்.

மூன்றாம் வருடமும் அதே ஆபீஸ்தான் என்றார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் ஒற்றை அறையில் எங்கே தனியாக வைப்பது. கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் வேலை என்று கேட்டதும், "ஆறு நாள்" என்று கேள்வி முடிவதற்குள் சொன்னாள். அதற்கு மேல் கேட்காதே என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் மாட்டிக்கொண்டேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் ஒரு பக்கத்தை முழுதாக அடைத்திருந்தன. மறுபக்கம் எல்லா வண்டியும் நகராமல் நின்றது. டீசல் புகை, மீன் வாடை, கண்ணில் மணல். தாமதமாகப் போனால் எர்ணாவூரில் ஒரு பையன் வேலைக்குக் கிளம்பிவிடுவான் என்று ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்றது ஒரு டிரைவிங் ஸ்கூல் லாரி, முன்னால் சிவப்பு எல் போர்டு. எதேச்சையாக மேலே பார்த்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள்.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். கையை எடுக்கப் பயம். கழுத்தை மட்டும் ஆட்டிச் சிரித்தாள். வேலைநாள், முற்பகல் நேரம். ஏசி அறையில் இருக்க வேண்டியவள்.

நெரிசல் கலைந்ததும் லாரி ஓரங்கட்டி நின்றது. சொல்லிக் கொடுக்கிறவர் டீ குடிக்கப் போனார். அவள் இறங்கி வந்து கடலோரத்துக் கருங்கல்லில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"ஆபீஸ வுட்டு நாளாச்சுக்கா. அங்க நாள் பூரா கன்டெய்னர் நம்பர அடிச்சிக்கினு இருப்பேன். ஒரு கன்டெய்னரகூட கண்ணால பாக்கல."

"ஆறு நாள் வேலன்னு சொன்னியே."

"அம்மா குந்திக்கினு இருந்துது. வேற இன்னா சொல்றது?" என்றவள், சட்டென்று நிமிர்ந்தாள். "ஆனா வேல செஞ்சேனான்னு கேட்டியே, அது பொய்யில்ல. சனி, ஞாயிறு பிரியாணிக் கடைல பில்லு போடறேன். அதுலதான் இதுக்குக் கட்டறேன். ஹெவி லைசென்ஸ் இல்லாம யார்டுல மெஷின்கிட்டகூட வுட மாட்டானுங்க."

டேப்லெட்டைத் திறந்து, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த அவளுடைய பதிலைத் திருத்தினேன். ஆறு நாள் இரண்டு நாளானது. மீதி நாட்களுக்கு 'வேலை செய்யவில்லை, வேலை தேடவுமில்லை' என்ற இடம்தான் பொருந்தியது. அதை அவளிடம் வாசித்துக் காட்டியபோது, "அப்ப நான் சும்மா கீறேன்னு அர்த்தமா?" என்று கேட்டாள். உள்ளங்கையைக் காட்டினாள். ஸ்டீயரிங் பிடித்துத் தோல் உரிந்திருந்தது. நான் பதில் சொல்வதற்குள் லாரியிலிருந்து கூப்பிட்டார்கள், ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அதன் பிறகு மழைக்காலத்தில் ஒருநாள் அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது. உடனே வா என்றாள், எதற்கென்று சொல்லவில்லை. போனேன். கட்டிலில் ஒரு டிபன் டப்பா இருந்தது. மகள் மறந்துவிட்டுப் போனதைக் கொடுக்க அம்மா கல்மண்டபம் ஆபீஸுக்கே போயிருக்கிறாள். அந்தப் பெண் வேலையை விட்டு மாதக்கணக்காகிறது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

"நீதான் வருசா வருசம் வந்து எல்லாத்தையும் கேக்குற. உனக்குத் தெரியாம இருக்காது. எங்க போவுது அது?"

"அவகிட்டயே கேளும்மா."

"உன்னாண்ட கேக்குறேன். எந்தப் பையன் கூடயாச்சும் சுத்திக்கினு கீதா?"

"அப்படியெல்லாம் இல்ல. அது மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

"இன்னா துன்ன, எத்தினி மணிக்குத் தூங்கின, எவ்ளோ வருதுன்னு எங்க வூட்டு சேதி எல்லாத்தையும் கேட்டு எடுத்துக்கினு போற. நான் ஒரே ஒண்ணு கேட்டா வாயத் தொறக்க மாட்டியா?"

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கிளம்பிப் போகவும் மனம் வரவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் மகள் நனைந்துகொண்டு மேலே ஏறி வந்தாள். என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "லாரி ஓட்டக் கத்துக்கினு கீறேம்மா" என்றாள்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரிலிருந்த கணவன் படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினாள். மகள் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "நீ கெளம்பு. இனிமே இந்த வூட்டுக்கு வராத" என்றாள்.

நான்காம் சுற்றில் போனபோது பாதி திறந்த கதவு வழியாக அம்மா அதையே மறுபடி சொன்னாள். மறுத்துவிட்டார்கள் என்று பதிந்துவிடலாம் என்றார் எங்கள் மேற்பார்வையாளர். மறுக்க வேண்டியது அம்மா இல்லையே என்று எனக்குத் தோன்றியது. மகளுக்கு போன் செய்தேன். மீஞ்சூர் தாண்டி ஒரு யார்டில் சேர்ந்திருப்பதாகவும், சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வந்தால் பேசலாம் என்றும் சொன்னாள்.

கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். லைசென்ஸ் வாங்கியதும் முதலில் ஃபோர்க்லிஃப்ட் கொடுத்தார்களாம். இப்போது ரீச் ஸ்டேக்கரில் இன்னொருவர் பக்கத்தில் இருந்து ஓட்டவிடுகிறார்கள், கூடிய சீக்கிரம் தனியாகக் கொடுப்பார்கள். வெளியே வந்ததிலிருந்து அவள் கால் நிலையாக நிற்கவில்லை. பேசிக்கொண்டே எழுந்து எழுந்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எப்படி இருக்கு?"

"பேசறதில்ல. காலைல டப்பா மட்டும் கட்டி கதவாண்ட வெச்சிடும். நான் எடுத்துக்கினு வந்துடுவேன். சாயங்காலம் கழுவி வெப்பேன்." மறுபடி சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நாள்கூட வெக்காம இருந்ததில்லக்கா" என்றாள்.

சுற்று முடிந்து ஒப்பந்தச் செய்திக்காக நான் காத்திருந்த நாட்களில் ஒரு மதியம் அவளுடைய அம்மாவின் எண் போனில் வந்தது. எடுத்தால் முதலில் மூச்சு மட்டும் கேட்டது. மீஞ்சூர் பக்கத்தில் ஏதோ யார்டில் கன்டெய்னர் சரிந்துவிட்டது என்று குடியிருப்பில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். மகள் போனை எடுக்கவில்லை.

"எனக்கு அந்த எடம் தெரியாது. உனக்குத்தான் தெரியும்" என்றாள்.

வியாசர்பாடிக்குப் போய் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். ஹெல்மெட்டைக் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், நானே மாட்டிவிட்டேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் போனதுமே டிரெய்லர்கள் தொடங்கிவிட்டன. தாள் சுருட்டியது போல எஃகுச் சுருள்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் அவள் விரல்கள் என் தோளில் அழுந்தின. மணலியில் ஓரிடத்தில் நெற்றியை என் முதுகில் வைத்துக்கொண்டாள். அந்த இடம்தான் என்று புரிந்தது. நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தச் சாலைப் பக்கம் அவள் வந்து எவ்வளவு காலமாயிற்றோ.

யார்டு கேட்டில் காவலாளி எங்களைத் தடுத்தார். கன்டெய்னர் சரிந்தது இங்கே இல்லை, அதற்கப்பால் வேறொரு இடத்தில், யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். பெண் பெயரைச் சொன்னதும் உள்ளே கை காட்டினார். "மிசின் மேல கீதும்மா. போனெல்லாம் லாக்கர்ல வெச்சிட்டுத்தான் போவணும்."

கம்பி வேலி வழியாகப் பார்த்தோம். மஞ்சள் இயந்திரம் ஒன்று பின்னால் வந்து, திரும்பி, நீலக் கன்டெய்னரைப் பிடித்துத் தூக்கியது. கண்ணாடி அறைக்குள் ஒரு ஹெல்மெட்டும் தோளும் தெரிந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. கன்டெய்னர் மேலே ஏறி, அடுக்கின் மீது ஒரு கணம் நின்று, இறங்கிப் பொருந்தியது.

"அதுவா?" என்றாள் அம்மா.

"அதுதான்."

வேலியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஷிஃப்ட் முடியும்வரை போக மாட்டேன் என்றாள். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறவிட்டாள். நான் ரோட்டுக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"குந்தேன். எனக்குத் தல சுத்துது, நீ அங்கயும் இங்கயும் போறது" என்றாள். உட்கார்ந்ததும் சொன்னாள்: "இத்தினி வருசமா வந்தியே, என்னை ஒரு வாட்டிகூட ஒண்ணும் கேக்கலியே நீ."

"அந்த வயசுப் பிள்ளைங்களத்தான் கேக்கணும்னு..."

"இப்ப கேளு. சும்மாதானே கீற."

டேப்லெட் கையில் இல்லை, தேவையும் இல்லை. எனக்கு எல்லாம் மனப்பாடம். முதன்முதலில் என்ன வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். தண்டையார்பேட்டையில் தீப்பெட்டி லேபிள் ஒட்டினாளாம், இன்னும் வயதுக்கு வராதபோது. அந்த வேலையை ஏன் விட்டீர்கள்? கம்பெனியே இல்லாமல் போனது. பிறகு? எண்ணெய்க் கிடங்கு, கல்யாணம், எறால் உரிப்பது, மகள், மருத்துவமனை. கணவன் டிரெய்லர் ஓட்டப் போனதில் அவளுக்கு விருப்பமில்லை என்று சொன்னாளா என்றும் கேட்டேன். அது கேள்வித்தாளில் இல்லாதது.

"சொல்லல. நான்தான் போக சொன்னேன். லாரின்னா நல்ல சம்பளம்னு." ஆறிய டீ டம்ளரைக் கைக்குள் உருட்டினாள். "அத்த பொண்ணாண்ட எப்படி சொல்றது?" என்றாள் கடைசியில்.

ஷிஃப்ட் முடிந்து மகள் வெளியே வந்தாள். பெஞ்சில் அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"போன் எடுக்கலியே நீ."

"உள்ள கொண்டுபோவக் கூடாதும்மா."

"அத்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல."

யாரிடம் சொல்வது என்று மகள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டப்பாப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அம்மா சுவருக்கு மேலே தெரிந்த இயந்திரத்தின் கையைப் பார்த்தாள்.

"மேல காத்து அடிக்காதா?"

"கண்ணாடி கேபினும்மா. உள்ள ஏசி கீது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையில் இருந்த ஆறிப்போன டீயை வாங்கிக் குடித்தாள். இருவரும் மீஞ்சூர் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் போவதாகச் சொன்னார்கள். நான் தனியாக ஸ்கூட்டரில் திரும்பினேன். வழியெல்லாம் காரணமில்லாமல் வேகமாக ஓட்டினேன்.

ஐந்தாம் சுற்றுக்கு என்னை வைத்துக்கொள்ளவில்லை. பணம் குறைந்துவிட்டது, ஆட்களைக் குறைக்கிறோம் என்று ஒரு மின்னஞ்சல். பிறகு ஒரு ஜவுளிக் கடை கணக்குப் பிரிவில் சில மாதம், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சில மாதம். எதிலும் காலூன்றவில்லை. ஒருநாள் அவள் கூப்பிட்டாள். புதிதாக ஒரு பெண் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனாளாம். "நீ கேட்ட அதே மாதிரிதான்க்கா, நியூஸ் வாசிக்கிற மாதிரி. அம்மா அவளுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்பிச்சுது."

பிறகு கேட்டாள்: "நீ இப்ப இன்னா பண்ற?"

ஒன்றுமில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"எங்க யார்டு கேட் ஆபீஸுக்கு ஆள் கேக்குறாங்க. வர்ற வண்டிக்காரங்ககிட்ட வெவரம் கேட்டுப் பதியணும். உனக்குத்தான் கேக்கத் தெரியுமே. சொல்லி வெக்கட்டா?"

ஆய்வில் இருந்த காலத்தில் அவளுக்கேற்ற ஒரு வேலை எங்கோ இருப்பதாகக் காதில் விழுந்தாலும் அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவளுக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பத்து நிமிடத்தில் நானே திருப்பிக் கூப்பிட்டு, சொல்லி வை என்றேன்.

யார்டு கேட் ஆபீஸில் வரச் சொன்னார்கள். அடுத்த திங்கள் காலை திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டி வண்டி, உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை. எண்ணூர் தாண்டும்வரை கதவுப் பக்கமே நின்றேன். அத்திப்பட்டில் சாம்பல் படிந்த மரங்களும் அனல் மின் நிலையப் புகைபோக்கிகளும் கடந்தன. பக்கத்தில் நின்ற ஒரு பெண் மீஞ்சூர் எப்போது வரும் என்று கேட்டாள். அவளுக்கும் அன்று வேலை கேட்டு ஏதோ ஒரு கேட்டில் போய் நிற்க வேண்டுமாம். இன்னும் ரெண்டு ஸ்டேஷன் என்றேன்.